ஃப்ராஜைலா, ஃப்ரெயிலா: எங்கே எதை எழுதுவது?

பாட்டிக்குத் தள்ளாமை என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது பலர் 'ஃப்ராஜைல்' என்று போட்டுவிடுகிறார்கள். அங்கே வர வேண்டியது 'ஃப்ரெயில்'. இரண்டுமே 'ஃப்ராகிலிஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தவை. ஃப்ரெயில் பழைய பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்தது. அதனால்தான் இவ்வளவு குழப்பம்.

எழுதுவதற்கு முன் நினைப்பதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். "பார்த்து, உடைஞ்சிடும்" என்று வந்தால் ஃப்ராஜைல். "தள்ளாத", "நலிந்த" என்று வந்தால் ஃப்ரெயில். நேற்று வாங்கிய கண்ணாடி டம்ளரில் ஒரு குறையும் இல்லை. கை நழுவினால்தான் போச்சு. ஆகவே அது ஃப்ராஜைல். இரண்டு படி ஏறி, கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்குகிற தாத்தாவுக்கு வலு ஏற்கெனவே போய்விட்டது. அவர் ஃப்ரெயில்.

மனிதரைப் பற்றி எழுதும்போதுதான் அதிகம் சறுக்கும். "ஷீ இஸ் ஃப்ராஜைல்" என்றால், சட்டென்று மனம் உடைந்துவிடக் கூடியவர் என்றே பெரும்பாலும் படிப்பார்கள். அம்மாவுக்காக விமான நிறுவனத்திடம் சக்கர நாற்காலி கேட்கும் கடிதத்தில் "மை மதர் இஸ் ஃப்ரெயில்" என்றுதான் எழுத வேண்டும். உடல்நலம், அதாவது 'ஹெல்த்', பக்கத்தில் வந்தால் இரண்டுமே செல்லும். போர்நிறுத்தம், பொருளாதாரம், கூட்டணி ஆட்சி ஆகியவற்றுக்கு ஃப்ராஜைல். மெலிந்த குரலுக்கும் ஆட்டம் காணும் சிறு படகுக்கும் ஃப்ரெயில் பொருந்தும்.

பெயர்ச்சொல்லாக வரும்போது இன்னும் கவனம் தேவை, குறிப்பாக மருத்துவ அறிக்கையில். நின்ற உயரத்திலிருந்து, அல்லது அதைவிடத் தாழ்வான இடத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தால் அது 'ஃப்ராஜிலிட்டி ஃப்ராக்சர்'. இடுப்பு, முதுகெலும்பு, மணிக்கட்டு ஆகியவற்றில் இது அதிகம். சொல் சுட்டுவது எலும்பை. 'ஃப்ரெயில்டி' சுட்டுவது மொத்த உடம்பை. முதியோர் மருத்துவர் லிண்டா ஃபிரைடு குழுவினர் 2001-இல் வகுத்த அளவுகோலில் ஐந்து அறிகுறிகள் உண்டு: முயலாமலே ஓராண்டில் சுமார் 4.5 கிலோவோ அதற்கு மேலோ எடை குறைதல், ஓயாத அசதி, கைப்பிடி வலுக் குறைதல், நடை மெதுவாதல், நடமாட்டம் குறைதல். மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் ஃப்ரெயில். ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தைய நிலை.

விறுவிறுவென்று நடக்கிற 55 வயதுப் பெண்ணுக்கும் ஃப்ராஜிலிட்டி ஃப்ராக்சர் வரலாம். அவரிடம் ஃப்ரெயில்டி இல்லாமல் இருக்கலாம். மொழிபெயர்க்கும்போது இரண்டையும் 'பலவீனம்' என்று எழுதிவிட்டால், எலும்பைச் சோதிக்க வேண்டிய குடும்பம் சத்து டானிக் வாங்கிக் கொடுத்துவிட்டு இருந்துவிடும். முதலாவதை 'எலும்பு நலிவால் வந்த முறிவு' என்றும், இரண்டாவதை 'முதுமைத் தளர்ச்சி' என்றும் பிரித்து எழுதுங்கள்.

சபலம் போன்ற மனிதக் குறைகளுக்கு 'ஹியூமன் ஃப்ரெயில்டி' என்பது நிலைத்த வழக்கு. ஒப்பிடும்போது 'ஃப்ரெயிலர்', 'மோர் ஃப்ராஜைல்'. அமெரிக்கர் வாயில் ஃப்ராஜைல் 'ஃப்ராஜில்' என்று கேட்கும், எழுத்துக்கூட்டல் மாறாது.