கூட்டத்துக்குள் போன தங்கச்சியைக் கைவிடாமல் வைத்திருந்த விதம்

என்ட தங்கச்சி மூன்று வருடமும் நாலு மாதமும் ஒரு கூட்டத்துக்குள் இருந்தாள். அது ஜெபக்கூட்டமா, தியான நிலையமா, காசு இரட்டிக்கிற சங்கமா என்று சொல்லமாட்டேன். சொன்னால் வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் "எங்கட ஆக்கள் அப்படியில்ல" என்று எழும்பிப் போய்விடுவீர்கள். மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் இருபத்தாறு வருடமாகத் தையல் மெஷினுக்கு முன்னால் இருக்கிறேன். இந்த மூன்று மாதிரிக் கூட்டத்துக்கும் போன பெண்கள் என்னிடம் சட்டை தைத்திருக்கிறார்கள். கும்பிடுகிற சாமி வேறு, உடுக்கிற சீலை நிறம் வேறு, மற்றதெல்லாம் ஒன்றுதான்.

ஒரு கூட்டம் ஆளைப் பிடித்துவைக்கிற மாதிரியானதா என்று அறிய, அவர்கள் எதை நம்புகிறார்கள் என்று பார்க்காதீர்கள். ஒரு கிழமை போகாமல் விட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கோயிலுக்கு நாலு வெள்ளி போகாவிட்டால் ஐயர் "என்ன பிள்ள, சுகமில்லையா?" என்று கேட்பார், அவ்வளவுதான். தங்கச்சி ஒரு நாள் காய்ச்சலில் படுத்தபோது, போகவில்லையே என்று கை நடுங்கினாள். இரவு பத்து மணிக்கு மூன்று பெண்கள் வந்து கட்டிலைச் சுற்றி இருந்து, காய்ச்சல் எந்தப் பிழையால் வந்தது என்று அவளிடமே கேட்டார்கள். எனக்கு அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டும்.

போனது எப்படி என்பதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் மூளையில்லாதவர்கள்தான் போவார்கள் என்று ஊர் நினைக்கிறது. அவள் ஏ/எல், அதாவது உயர்தரம் படித்தவள். அவட புருசன், என்ட மச்சான், கட்டாரில். அம்மாவின் வளவும் வீடும் எங்கட ஊர் வழக்கப்படி கடைசிப் பெண்ணான அவளுக்குச் சீதனமாகப் போயிற்று. மகளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஐந்து நாளும் கஞ்சி கொண்டுபோனது அந்தக் கூட்டத்துப் பெண்கள். நான் பக்கத்து ஒழுங்கையில் இருந்தும் இரண்டு தரம்தான் போனேன். பொங்கல் சீசன், முப்பது சட்டை ஓடர். அந்தக் கஞ்சியை இன்றைக்கும் நான் குறை சொல்லமாட்டேன். கொண்டுவந்த பெண்கள் உண்மையான அன்போடுதான் வந்தார்கள், அவர்களும் அப்படித்தான் உள்ளே போனவர்கள்.

மறுகா ஒவ்வொன்றாகக் கூடியது. முதலில் கிழமைக்கு ஒரு மாலை, பிறகு மூன்று, பிறகு விடியவிடிய இருப்பது. நித்திரையில்லாத ஆளுக்கு எதையும் நிறுத்துப் பார்க்கிற தெம்பு இருக்காது. அதோடு ஒரு கொப்பி. மனதில் வந்த பிழைகளை, மச்சானோடு பட்ட சண்டைகளை எல்லாம் எழுதிக் கொடுக்கவேண்டும். கொப்பி அவர்களிடமே இருக்கும். வெளியே வர நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்தக் கொப்பிதான் ஞாபகம் வந்ததாம். பிறகு சொற்கள் மாறின. சந்தேகத்துக்குப் பெயர் "கறல்", இரும்பில் பிடிக்கிற துரு. நான் எதைக் கேட்டாலும் "அக்கா, அது கறல் பேசுது" என்பாள், கதை முடிந்துவிடும். ஒரு சொல்லுக்குள் ஒரு கேள்வியையே புதைக்கலாம் என்று அப்போதுதான் கண்டேன்.

பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தராக இருந்த ஒரு பிள்ளைதான் இதற்கெல்லாம் ஒரு ஒழுங்கு இருப்பதாக எனக்குச் சொன்னது. ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1954, 1955இல் ஹொங்கொங்கில் இருந்துகொண்டு, சீனாவில் "சிந்தனைச் சீர்திருத்தம்" செய்யப்பட்டு வந்த 25 மேற்கத்தியரையும் 15 சீனரையும் விசாரித்து, எட்டு அடையாளங்களை எழுதியிருக்கிறார். வெளித்தொடர்பை மறிப்பது, பிழைகளை ஒப்புக்கொள்ள வைப்பது, தனிச்சொற்களால் யோசனையை அடைப்பது எல்லாம் அதற்குள் இருந்தன. சீனாவில் நடந்ததும் களுவாஞ்சிகுடியில் நடந்ததும் இப்படி ஒத்துப்போகும் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பிள்ளை கடதாசியில் எழுதத் தொடங்கியதும், எட்டில் ஆறை நானே சொல்லிவிட்டேன்.

இனி நீங்கள் செய்யக்கூடாதவை. நான் செய்தவை என்பதால் நன்றாகத் தெரியும்.

வாசலில் போய்ச் சத்தம் போடாதீர்கள். அவள் வீட்டை விட்டு கூட்டத்தின் இடத்தில் போய்த் தங்கியதும், அண்ணனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, டவுனுக்குப் போய் கேட்டைத் தட்டிக் கத்தினேன். அங்கே "பெரியவர்" என்று ஒருவர். "சொந்தக்காரர் வந்து கத்துவார்கள், பாருங்கள்" என்று அவர் ஒரு மாதத்துக்கு முன்னமே சொல்லி வைத்திருக்கிறார். அவருடைய வாக்குப் பலிக்க நாங்கள் இரண்டு பேரும் பஸ் காசு கொடுத்துப் போயிருக்கிறோம்.

சொன்ன நாள் பொய்த்தால் தெளிந்துவிடுவாள் என்றும் காத்திருக்காதீர்கள். பெரியவர் ஒரு வைகாசிப் பூரணையைச் சொல்லி, அன்றைக்கு ஒன்று நடக்கும் என்றார். ஒன்றும் நடக்கவில்லை. நான் பாற்புக்கை காய்ச்சி வைத்துக்கொண்டு இருந்தேன். அவள் வரவில்லை, முன்னையைவிட இறுகிப்போனாள். இதையும் அந்த உத்தியோகத்தர்ப் பிள்ளைதான் விளக்கியது. 1954 டிசம்பர் 21இல் பெருவெள்ளம் வரும், பறக்கும் தட்டு வந்து தங்களைக் காப்பாற்றும் என்று சிகாகோப் பக்கம் ஒரு சிறு கூட்டம் காத்திருந்ததாம். லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளரின் ஆட்கள் அதற்குள் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளம் வரவில்லை. அதுவரை பத்திரிகைக்காரரைத் துரத்தியவர்கள், அதற்குப் பிறகு தாங்களே கூப்பிட்டுப் பிரசங்கம் செய்யத் தொடங்கினார்கள். வேலையையும் வீட்டையும் விட்டு வந்தவர்களுக்கு "பிழை விட்டுவிட்டேன்" என்று சொல்வது அத்தனை பாரம்.

அடைத்து வைக்கவும் வேண்டாம். வளர்ந்த ஆளை வீட்டில் பூட்டினால் குற்றம் உங்கள்மேல். அதோடு, பூட்டுகிறவர்கள் நாங்கள்தான் என்று அவளுக்கு ஆகிவிடும்.

பலித்தது மிகச் சின்ன விஷயம். ஞாயிறு பின்நேரம் நாலு மணிக்கு ஒரு போன் கோல். பத்து நிமிடத்துக்கு மேல் இல்லை. சாமி, பெரியவர், காசு ஒன்றும் கதைக்கமாட்டேன். மாமிக்கு முழங்கால் நோவு, வாவியில் இந்தக் கிழமை இறால் நல்லாப் பட்டிருக்கு, பழைய வாத்தியாரை மாக்கட்டில் கண்டேன், இதுகள்தான். அவள் எடுக்காவிட்டால் அடுத்த ஞாயிறு திரும்ப எடுப்பேன், ஏன் எடுக்கவில்லை என்று கேட்கமாட்டேன். யாராவது அந்தப் பக்கம் போனால் ஒரு சட்டி எருமைத் தயிர் கொடுத்தனுப்புவேன். கூட்டத்துக்கு முந்தின அவளை அறிந்த குரல் ஒன்று அவட காதில் விழுந்துகொண்டே இருக்கவேண்டும்.

கேள்வி கேட்பதென்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று, குற்றம் பிடிக்காத குரலில் கேளுங்கள், மறுமொழிக்கு நிற்காதீர்கள். ஒரு நாள் கேட்டேன்: "பெரியவர் இரவில நித்திர கொள்றவரா, புள்ள?" அவள் பேசாமல் இருந்தாள். நான் தயிர்ச் சட்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவர் ஏசி அறையில் காலை ஏழு மணிவரை நித்திரை கொள்கிறவர் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியுமாம்.

கடதாசிகளைக் கவனியுங்கள். இது எங்கட பக்கத்தில் முக்கியம், ஏனென்றால் வீட்டு உறுதி பெண்களின் பெயரில் இருக்கிறது. கூட்டத்துக்கு இது நன்றாகத் தெரியும். 1978 நவம்பர் 18இல் கயானாக் காட்டில், இப்படியான ஒரு கூட்டத்தின் ஜோன்ஸ்டவுன் என்ற குடியிருப்பில் 900க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், அதில் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களின் பாஸ்போட்டெல்லாம் தலைவரின் ஆட்களிடம் இருந்தது. அடையாள அட்டை, பாஸ்போட், பிறப்புச் சான்றிதழ், உறுதி எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். காணி கைமாறும் என்று பயமிருந்தால், காணிப் பதிவகத்தில் கேவியட் போட வழியிருக்கிறது. யாராவது உறுதி பதிய வந்தால் உங்களுக்கு அறிவித்தல் வரும். ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். நான் மச்சானோடு வட்ஸ்அப்பில் கதைத்து அதைச் செய்வித்தேன்.

பிள்ளைகளை இஸ்கூலுக்கு விடாமல் மறித்தால், அல்லது அடித்தால், பொறுமை காக்கத் தேவையில்லை. இலங்கையில் உதவிக்கு எடுக்கிற இலக்கங்கள்: சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938, உடனடி ஆபத்தென்றால் 119. சாகிற கதை கதைத்தால் 1926க்கு எடுங்கள், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கும் கூட்டிப்போகலாம். தங்கச்சியின் மகள் அந்த வருடங்களில் என்னோடுதான் இருந்தாள், அது எங்கட புண்ணியம்.

ஒரு செவ்வாய்க்கிழமை விடிய ஐந்தரைக்கு, கையில் ஒரு ஷொப்பிங் பேக்கோடு தங்கச்சி கிறுகி வந்தாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டுதான் நின்றேன். "அண்டைக்கே சொன்னன்" என்ற வசனத்தை வீட்டில் எல்லாருக்கும் தடை செய்தேன், அண்ணனுக்குத்தான் கஷ்டம். அயலார் கேட்டால் "சுகமில்லாமல் இருந்தது" என்றோம். இரண்டு கிழமை நித்திரைதான் கொண்டாள். இடையில் எழும்பி, யாரோ கூப்பிட்டமாதிரிப் பயந்து இருப்பாள்.

அந்த நேரம் எல்லாவற்றையும் நாங்களே முடிவெடுத்துக் கொடுக்கத் தோன்றும். செய்யாதீர்கள். பெரியவரின் இடத்தில் அக்கா வந்து குந்தினமாதிரி ஆகிவிடும். ஒரு நாள் மீன்காரர் வந்தபோது அவளை விட்டேன், நீயே வாங்கு என்று. ஒட்டி மீனும் மணலை மீனும் இருந்தது. பத்து நிமிடம் கூடைக்கு முன்னால் நின்றாள், கண்ணால் தண்ணீர் வழிந்தது. எது சரி என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் வேலி ஓலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மீன்காரர் நல்ல மனுசன், "அவசரமில்ல மகள்" என்று சைக்கிளை நிறுத்தி பீடி பற்றவைத்தார்.

கடைசியில் அவள் இரண்டையும் வாங்கினாள். காசு என்னுடையது.