கியர்பாக்ஸை மாற்றச் சொன்னால், முதலில் எண்ணெயைக் காட்டச் சொல்லுங்கள்

ராயபுரத்தில், இறக்குமதிச் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கிக் கொடுக்கும் அலுவலகம் நடத்துகிறேன். வீடு திருவொற்றியூரில். வாரத்தில் மூன்று நாளாவது எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்குப் போயாக வேண்டும். அந்தச் சாலையின் பள்ளங்களை நினைத்தே ஒரு ஜெர்மன் எஸ்யூவியைப் பழைய வண்டியாக வாங்கினேன். 91,000 கிலோமீட்டரில் அதன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மக்கர் செய்தது. ரூ.8,40,000 ஆகும் என்றார்கள். கடைசியில் ரூ.74,000-த்தில் முடிந்தது. இடையில் நான் பட்ட ஐந்து வார அலைச்சலை இன்னொருவர் படக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, அறிகுறியைத் தாளில் எழுதுவது. வண்டியைக் கொண்டுபோய் விடுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். என் வண்டியில் எர்ணாவூர் மேம்பாலம் ஏறும்போது, 55-லிருந்து 65 கிலோமீட்டர் வேகத்துக்குள், ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்த நிலையில், இரண்டு நொடி அதிர்வு வந்தது. வரிவரியாகப் போட்ட வேகத்தடைமேல் உருள்வது போல இருந்தது. அழுத்தி மிதித்தால் நின்றுவிடும். காலையில் ரிவர்ஸ் போட்டால் ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றும் நடக்காது; பிறகு ‘டொக்’ என்று விழும். இந்த அளவுக்கு எழுத வேண்டும்: எந்த வேகம், எந்த கியர், எஞ்சின் சூடான பிறகா முன்பா, எத்தனை நாளாக.

ஏன் இவ்வளவு நுணுக்கம் என்றால், எஞ்சினின் சுழற்சியை கியர்பாக்ஸுக்கு எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் என்ற உருளைக்குள் ஒரு கிளட்ச் இருக்கிறது. வேகம் சீரானதும் அது இரண்டையும் இறுகப் பூட்டிவிடும். எண்ணெய் பழசானால், அல்லது அளவு குறைந்தால், அந்தப் பிடி பிடித்தும் விட்டும் தடுமாறும். மேம்பாலத்து அதிர்வு அப்படி வருவதுதான். ரிவர்ஸ் தாமதம் எண்ணெய் அழுத்தம் போதாததன் அடையாளம். ஆனால் எண்ணெய் குறைந்தாலும் அழுத்தம் போதாது, பம்ப் தேய்ந்தாலும் போதாது, எண்ணெயைத் தேவையான வழிக்குத் திருப்பும் வால்வு பாடியில் கசிவு இருந்தாலும் போதாது, கிளட்ச் தகடு தீய்ந்திருந்தாலும் இதே தாமதம்தான் வரும். நோய் நாலு, இருமல் ஒன்று. இருமலைக் கேட்டு நுரையீரலை மாற்றச் சொல்லும் மருத்துவரிடம் யாராவது தலையை நீட்டுவார்களா?

பணிமனைக்குப் போகுமுன் வீட்டு வாசலிலேயே பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு. ஒன்று பேட்டரி. எஞ்சினை அணைத்துச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட் அருகில் இருக்க வேண்டும். 12.2-க்குக் கீழே போனால், கியர்பாக்ஸ் கணினி முதல் ஸ்டியரிங் வரை எல்லாமே பழுது என்று திரையில் கொட்டலாம். இன்னொன்று டயர். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் ஒரு டயர் மட்டும் புதிதாகவும் மற்ற மூன்றும் தேய்ந்தும் இருந்தால், முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி உதறும். அதைப் பலர் கியர்பாக்ஸ் உதறல் என்று நினைத்துவிடுகிறார்கள்.

அடுத்தது ஜாப் கார்டு, அதாவது வண்டியை விடும்போது பணிமனையில் புகாரை எழுதிக் கையெழுத்து வாங்கும் தாள். இங்கேதான் நான் முதலில் ஏமாந்தேன். நான் எழுதிக் கொண்டுபோன தாளை சர்வீஸ் அட்வைசர் வாங்கி வைத்துக்கொண்டு, கார்டில் ‘கியர்பாக்ஸ் சத்தம்’ என்று இரண்டே சொல் எழுதினார். நான் கேள்வி கேட்டபோது, “சார் வந்தால் விளக்கமாகச் சொல்கிறேன் மேடம்” என்றார். வண்டி என் பெயரில் இருக்கிறது, ஓட்டுவது நான், காசு கொடுப்பது நான். பெண்கள் இதைப் படித்தால் உறுதியாகச் சொல்கிறேன்: நீங்கள் எழுதிய வாசகத்தை அப்படியே கார்டில் ஏற்றாமல் கையெழுத்துப் போடாதீர்கள். நாளைக்கு வழக்கென்று வந்தால் அந்தக் கார்டுதான் பேசும்.

மூன்று நாள் கழித்து வந்த எஸ்டிமேட்டில் ஒரே வரி இருந்தது: கியர்பாக்ஸ் முழுதாக மாற்ற வேண்டும். எண்ணெயைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். இந்த கியர்பாக்ஸுக்கு ஆயுள் முழுதும் எண்ணெய் மாற்றத் தேவையில்லை, ஆகவே திறப்பதில்லை என்றார்கள். இந்தப் பதிலை நீங்களும் கேட்பீர்கள். கார் நிறுவனங்கள் பல இப்படித்தான் சொல்லிவந்தன. ஆனால் பல உயர்ரக எஸ்யூவிகளில் இருக்கும் எட்டு கியர் பெட்டியைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள், எண்ணெயை மாற்றச் சொல்கிறது. செய்தவன் சொல்லைக் கேட்பதா, விற்றவன் சொல்லைக் கேட்பதா?

எஸ்டிமேட் கையில் வந்ததும் நீங்கள் எழுத்தில் கேட்க வேண்டியவை இவை. ஸ்கேனரில் வந்த பழுதுக் குறியீடுகளின் அச்சுப்பிரதி, அழிக்குமுன் எடுத்தது. கியர்பாக்ஸ் எண்ணெயின் அளவும் நிலையும், படத்தோடு. பாகம், கூலி, எண்ணெய், கணினிப் பதிவு என்று தனித்தனியாகப் பிரித்த விலை. முழு கியர்பாக்ஸுக்குப் பதிலாக மெக்கட்ரானிக் பகுதியை (வால்வு பாடியும் கணினியும் சேர்ந்த பாகம்) மட்டும் மாற்றினால் போதாதா, போதாதென்றால் ஏன் என்பதற்கான காரணம். மின்னஞ்சலில் கேளுங்கள், தொலைபேசியில் கேட்டது காற்றோடு போய்விடும். எனக்குக் குறியீட்டுத் தாள் மட்டும் வந்தது. அதில் தகடு தீய்ந்ததற்கான குறியீடு ஒன்றுமில்லை. அழுத்தம் சார்ந்த இரண்டுதான் இருந்தன. வண்டியைத் தளவண்டியில் (முழு வண்டியையும் மேலே ஏற்றிச் செல்லும் லாரி) ஏற்றி வியாசர்பாடியில் வேறொரு பணிமனைக்கு அனுப்பினேன்.

தளவண்டி என்று அழுத்திச் சொல்கிறேன். சக்கரம் தரையில் உருள இழுத்துப்போகக் கூடாது. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் எண்ணெய் பம்பைச் சுற்றுவது எஞ்சின். எஞ்சின் நின்றிருக்க, சக்கரம் மட்டும் சுழன்றால் உள்ளே பல்சக்கரங்கள் எண்ணெயில்லாமல் உரசும். நல்ல கியர்பாக்ஸையும் அது கெடுத்துவிடும்.

வியாசர்பாடியில் ஆட்டோமேட்டிக் மட்டுமே பார்க்கிற பாய் ஒருவர், வண்டியை லிஃப்டில் ஏற்றியதும் டார்ச்சை கியர்பாக்ஸின் பக்கவாட்டில் அடித்தார். மின்கம்பிக் கற்றை உள்ளே நுழைகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்லீவ், அதாவது சிறு குழல் உறை. அதைச் சுற்றி ஈரம். ஈரத்தின் மேல் எண்ணூர்ச் சாம்பல் ஒட்டிக் கறுத்த மெழுகு போலப் படிந்திருந்தது. “அம்மா, விரலை வைத்துப் பாருங்கள்” என்றார். வைத்தேன். என் அப்பா துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டியவர். எண்ணெயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்து, மூக்கருகில் கொண்டுபோய், எது கசிகிறது என்று சொல்வார். அதையே செய்தேன். மெல்லிய வழவழப்பு, தீய்ந்த வாடை இல்லை. அந்த ஸ்லீவின் ரப்பர் வளையம் காய்ந்துபோனதால் மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் குறைந்திருக்கிறது.

பிறகு கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றினார். இந்தக் கட்டத்தில் பக்கத்தில் நில்லுங்கள். வெள்ளைத் துணியில் எண்ணெயைச் சொட்டவிட்டுப் பாருங்கள். பழுப்பேறியிருந்தால் பழசு, அவ்வளவுதான். கருமையும் தீய்ந்த நாற்றமும் சேர்ந்திருந்தால் தகடு போயிருக்கலாம். பால் கலந்தது போல இளஞ்சிவப்பாக இருந்தால் தண்ணீரோ ரேடியேட்டர் திரவமோ உள்ளே புகுந்திருக்கிறது. உராய்வுத் தகட்டின் ஒட்டு பெயர்ந்துவிடும் என்பதால் அதை எண்ணெய் மாற்றிச் சரிசெய்ய முடியாது. தட்டின் அடியில் காந்தங்கள் இருக்கும். அவற்றில் கண்மை போன்ற சாம்பல் குழைவு படிந்திருப்பது இயல்பு, பயப்படாதீர்கள். விரலால் வழித்தால் ஊசி ஊசியாகக் குத்தும் துணுக்குகளோ மஞ்சள் உலோகத் துகள்களோ வந்தால், எஸ்டிமேட் போட்டவர்கள் சொன்னது சரியாகவும் இருக்கலாம். அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். என் காந்தங்களில் மை மட்டும்தான் இருந்தது.

எண்ணெய் நிரப்புவதில் ஒரு தப்பு பரவலாக நடக்கிறது. எவ்வளவு வடிந்ததோ அவ்வளவே ஊற்றிவிடுகிறார்கள். கசிந்த வண்டியில் அப்படிச் செய்தால் பழைய குறை அப்படியே நிற்கும். இந்தப் பெட்டிகளில் அளவுகோல் கம்பி கிடையாது. வண்டி லிஃப்டில் சமமாக நிற்க, எஞ்சின் ஓட, எண்ணெயின் வெப்பநிலையை ஸ்கேனரில் பார்த்துக்கொண்டே, நிரப்புத் துளையில் மெல்லிய இழையாக வழியும்வரை ஊற்ற வேண்டும். எட்டு கியர் பெட்டிக்கு அந்த வெப்பநிலை பொதுவாக 30 முதல் 50 டிகிரி. சூடேறிய எண்ணெய் விரியும். 80 டிகிரியில் பார்த்து மூடினால், ஆறிய பிறகு குறைவாகத்தான் இருக்கும். ஸ்கேனர் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தட்டைக் கழற்றினாலும் பாதிக்குப் பாதிதான் வடியும், மீதி கன்வர்ட்டரில் தங்கும் என்பதால், 1,000 கிலோமீட்டர் கழித்து மறுபடி ஒரு முறை மாற்றினோம். ஸ்லீவ், வடிகட்டியோடு கூடிய தட்டு, இரண்டு முறை எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்துத்தான் அந்த ரூ.74,000.

முழுப் பெட்டியே போயிருந்தால் என்ன செய்வது? புதுப்பேட்டைப் பழைய பாகங்களை நோக்கிக் கால் போகும். போகலாம், ஆனால் பாக எண் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், உள்ளிருக்கும் கணினியை உங்கள் வண்டியின் 17 இலக்க சேஸிஸ் எண்ணுக்குப் பதிவு செய்யத் தெரிந்தவர் வேண்டும். முக்கியமாக, சென்னை 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய ஊர். மூழ்கிய வண்டியின் பெட்டி வெளியே துடைத்துப் பளபளவென்று இருக்கும். காசு கொடுக்குமுன் தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பழைய பெட்டியை மாற்றுக்கு வாங்கிக்கொள்வதாகச் சொன்னாலும், கணக்கு முடியும்வரை கொடுக்காதீர்கள். அது உங்கள் சாட்சி.

தேவையில்லாத பாகத்துக்குக் காசு வாங்கிவிட்டார்கள், அல்லது வாரன்டியில் கைவிரித்துவிட்டார்கள் என்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து எண் வாங்குங்கள். தீரவில்லையென்றால் நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம், பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். தயாரிப்புக் குறை என்று சொன்னால் அதை நிரூபிக்கச் சொல்வார்கள்; நிபுணர் அறிக்கை கேட்பார்கள். ஆகவே வடித்த எண்ணெயில் கால் லிட்டரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, தேதி, கிலோமீட்டர் எழுதி, பணிமனையின் முத்திரையோடு வைத்துக்கொள்ளுங்கள். என் பாட்டில் அலுவலக அலமாரியில் ரசீதுக் கோப்புகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் தினமும் நிற்பவர்களுக்கு ஒன்று. அடிக்கு ஒரு தரம் ஊர்ந்து நிறுத்துவதில்தான் கன்வர்ட்டர் எண்ணெய் அதிகம் சூடாகிறது. அந்த வேகத்தில் கிளட்ச் பூட்டாது, எண்ணெய் மட்டுமே கடைகிறது. முன்னால் இரண்டு லாரி நீளம் இடம் விழட்டும், பிறகு நகருங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். மழைநீர் சக்கரத்தின் பாதிக்கு மேல் நின்றால் இறங்காதீர்கள். மூழ்கிவிட்டால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். காப்பீட்டில் எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவு எடுத்திருந்தால் அதில் கியர்பாக்ஸும் சேருமா என்று மழைக்காலத்துக்கு முன்பே படித்துவிடுங்கள்.

வண்டியைத் திரும்ப வாங்கும்போது, செய்தவரையும் ஏற்றிக்கொண்டு, கோளாறு வந்த அதே இடத்தில் ஓட்டுங்கள். பாயும் நானும் எர்ணாவூர் மேம்பாலத்தில் நாலு தரம் ஏறி இறங்கினோம், பிறகு மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் சீராக முக்கால் மணி நேரம். இரண்டாம் முறை எண்ணெய் மாற்றப் போனபோது லிஃப்டுக்கு அடியில் நின்று அந்த ஸ்லீவைச் சுற்றி விரலை ஓட்டினேன். விரல் உலர்ந்தே வந்தது.