இரவு முழுக்க ஏற்றியும் பற்றரி நிறையவில்லையா? பலர் விடும் தவறுகள்

வீட்டு இன்வேட்டரின் பற்றரிக்கு இரவு பத்தரைக்கு லைனிலிருந்து, அதாவது வெளி மின்கம்பியிலிருந்து, சார்ஜ் ஏறத் தொடங்குகிறது. காலை ஐந்தரைக்குப் பார்த்தால் 90 வீதத்தில் நிற்கிறது. மறுநாளும் அதே கதை. உடனே பற்றரி பழுது என்று முடிவெடுத்து, விற்றவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். பெரும்பாலான வீடுகளில் பற்றரி நன்றாகவே இருக்கும், செற்றிங்தான் பிழைத்திருக்கும்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஓர் இரவு மூன்று தடவை குறித்துக்கொள்ளுங்கள்: 10.40, 2.00, 5.20. ஒவ்வொரு முறையும் சார்ஜ் ஏறும் அம்பியர், பற்றரி வீதம், லைனில் வரும் வோல்ற் ஆகிய மூன்றும் வேண்டும். இந்த ஒன்பது எண்களும் இல்லாமல் மெனுவுக்குள் போய் நாலு இடத்தைத் தட்டினால், எது பிழை, எது சரி என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

மூன்று முறையும் அம்பியர் ஒரே அளவில் இருந்தால் சார்ஜ் வரம்பு போதவில்லை என்று அர்த்தம். இலங்கையின் நேர அடிப்படைக் கட்டணத்தில் மலிவான நேரம் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை, ஏழு மணித்தியாலம். (அந்தக் கட்டணத்துக்கு மாறிய வீடுகளுக்கு மட்டுமே இது. சாதாரணக் கட்டணத்தில் இருப்பவர் நள்ளிரவில் ஏற்றி ஒரு சதமும் மிச்சம் பிடிக்க முடியாது.) 51.2 வோல்ற், 100 அம்பியர்-மணி லிதியம் பற்றரி ஒன்றில் 5.12 யுனிற் பிடிக்கும். மூன்று பற்றரி என்றால் 15.36 யுனிற். 20 வீதத்திலிருந்து நிரப்ப 12.3 யுனிற் தேவை. லைனிலிருந்து ஏற்றும் வரம்பு 30 அம்பியரில் இருந்தால் 52 வோல்ற்றில் மணிக்கு 1.56 யுனிற்தான் ஏறும். ஏழு மணித்தியாலத்தில் 10.9. அதாவது 91 வீதம். பழுது எதுவுமே இல்லை, கணக்கு மட்டும்தான் பிழை.

நம்மூர்களில் பரவலாகப் பொருத்தும் ஒருவகை இன்வேட்டரில் இந்த வரம்பு மெனுவின் 11ஆம் இலக்கத்தில் இருக்கும், தொழிற்சாலையிலிருந்து 30 அம்பியரில்தான் வரும். 02ஆம் இலக்கம் சோலரும் லைனும் சேர்ந்த மொத்த வரம்பு. அதை மட்டும் கூட்டிவிட்டு 11ஐ மறந்துவிடுவது அடிக்கடி நடக்கும். மேலே சொன்ன மூன்று பற்றரிக்கு 50 அம்பியர் வையுங்கள். ஐந்து மணித்தியாலத்துக்குள் பெரும்பகுதி ஏறிவிடும், மிச்ச நேரம் கடைசிக் கட்டத்துக்கு வேண்டும். நிறையும் தறுவாயில் அம்பியர் தானாகக் குறைவது இயல்பு. அதைக் கண்டு பதற வேண்டாம்.

10.40க்கு அம்பியர் பூச்சியமா? 16ஆம் இலக்கத்தில் ஓ.எஸ்.ஓ (OSO) என்று இருந்தால் அந்த இன்வேட்டர் சோலரிலிருந்து மட்டுமே ஏற்றும், லைனைத் தொடாது. நேரம் குறித்து ஏற்றும் வகை என்றால் நள்ளிரவைக் கவனியுங்கள். 22.30 முதல் 05.30 வரை என்று ஒரே வரியில் கொடுத்தால் பல இன்வேட்டர்களுக்கு விளங்காது. 22.30 முதல் 23.59 வரை ஒன்று, 00.00 முதல் 05.30 வரை இன்னொன்று என்று பிரித்து, இரண்டிலும் லைன் சார்ஜை இயக்கி, இரண்டிலும் இலக்கை 100 என்று வைக்க வேண்டும். முதலாவதில் 100, இரண்டாவதில் 50 என்று கிடந்தால் பன்னிரண்டு மணிக்குப் பிறகு 50 வீதத்துக்கு மேல் ஏறாது.

இன்வேட்டரின் மணிக்கூட்டைப் பார்க்காமல் விடுவதுதான் பணம் தின்னும் தவறு. சீன நேரத்திலேயே விடப்பட்ட இன்வேட்டர் நம் நேரத்தைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தி ஓடும். அது 10.30 என்று நினைக்கும்போது இங்கே இரவு எட்டு மணி, கட்டணம் உச்சத்தில் இருக்கும் 6.30 முதல் 10.30 வரையான நேரத்தின் நடுவே. விலை கூடிய கரண்டில் ஏற்றிவிட்டு, மலிவு நேரம் முடியுமுன்னே அதிகாலை மூன்றுக்கு நிறுத்திவிடும். கைப்பேசியை அருகில் பிடித்து, நிமிடம் வரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டு மணிக்குப் பார்க்கையில் அம்பியர் விழுந்திருந்தால் வோல்ற்றைப் பாருங்கள். ஊர் உறங்கும் நேரத்தில் பாவனை குறைந்து வோல்ற் ஏறும், மேல் எல்லையைத் தாண்டினால் இன்வேட்டர் லைனை விட்டு விலகும். இங்கே 230க்கு மேலும் கீழும் 6 வீதம், அதாவது 216 முதல் 244 வரை இருக்க வேண்டும். தொடர்ந்து அதற்கு வெளியே போனால் குறிப்போடு உங்களுக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனத்திடம் முறைப்பாடு செய்யுங்கள். எல்லையை நீங்களே அகட்டி வைக்காதீர்கள்.

வோல்ற் சரி, அம்பியர் மட்டும் குறைவு என்றால் சூட்டைச் சந்தேகியுங்கள். கச்சான் வீசும் மாதங்களில் தகரக் கூரை அறை இரவிலும் கொதிக்கும். பற்றரியின் உள்ளே இருக்கும் காவல் பலகை சூடு கூடினால் அம்பியரைக் குறைக்கும், இன்னும் ஏறினால் துண்டிக்கும். காற்றோட்டமுள்ள அறைக்கு மாற்றுவதே தீர்வு.

கடலோரத்தில் உப்புக்காற்றும் ஒரு காரணம். பற்றரி முனையில் பச்சை பூத்திருந்தால் அந்த இணைப்பு சுடும். பிரேக்கரை நிறுத்தி, மோதிரம் காப்பைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும். 51 வோல்ற்தானே என்று அலட்சியம் வேண்டாம், ஸ்பனர் இரண்டு முனையிலும் பட்டால் இரும்பே உருகும்.

ஈய-அமில டியூபுலர் பற்றரி வைத்திருப்பவர்கள் இந்த அம்பியர்களைப் பின்பற்றக் கூடாது. 150 அம்பியர்-மணிக்கு 15 அம்பியர் அளவுதான். பாதி இறங்கியது ஏழு மணித்தியாலத்தில் முழுதாக நிறையாமல் போகலாம்.

கூரையில் சோலர் உள்ளவர்களுக்கு இன்னொன்று. வெயில் காலத்தில் காலையிலேயே 100 ஆக்கினால் பகல் கரண்டுக்குப் பற்றரியில் இடமிருக்காது. அப்போது இலக்கை 60 அளவில் வைத்து, மாதம் ஒருமுறை மட்டும் 100 வரை ஏற்றுங்கள், பற்றரி காட்டும் வீதம் அப்போதுதான் சரியாகும். நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி மழையில் தினமும் 100.