கார் மாடலுக்கு கிளியர் கோட்: எதை எடுக்கணும், எப்படி அடிக்கணும்

பெயின்ட் அடிச்சாச்சு, டீகேல் (தண்ணியில நனைச்சு ஒட்டற ஸ்டிக்கர்) ஒட்டியாச்சு, இனி மேல நிறமில்லாத கிளியர் அடிச்சா வேலை முடிஞ்சதுன்னு கடையில போய்ப் பார்த்தா கிளாஸ் (பளபளப்பு), செமி கிளாஸ் (பாதி பளபளப்பு), மேட் (பளபளப்பே இல்லாதது), லாக்கர், அக்ரிலிக், 2கே (ஹார்டனர் கலந்து அடிக்கறது)ன்னு வரிசையா நிக்குது. புதுசா வர்றவங்க இருக்கறதுலயே பளபளப்பானதை எடுத்து தடியா அடிச்சுடறாங்க, அங்கதான் நல்லா வந்த பாடி கெட்டுப்போகுது. 1/24, அதாவது நிஜ காரோட அளவுல 24ல ஒரு பங்கு இருக்கற பிளாஸ்டிக் கிட்டை மனசுல வச்சு வரிசையா சொல்றேன்.

முதல்ல நிஜ காரோட போட்டோ பாருங்க

கார்னா முழுசும் கிளாஸ்னு நினைக்காதீங்க. 1972ல மான்டி கார்லோ ராலி ஜெயிச்ச லான்சியா ஃபுல்வியாவைப் பாருங்க, பாடி சிவப்பு, பானெட் மட்டும் மேட் கருப்பு. வெயில் பானெட்ல பட்டு டிரைவர் கண்ணுல அடிக்கக் கூடாதுன்னு அந்தக் கால ராலி கார்கள்ல அப்படித்தான் அடிப்பாங்க. அதை மாடல்ல முழுசா கிளாஸ் ஆக்கிட்டா எவ்வளவு சுத்தமா அடிச்சிருந்தாலும் பொம்மை மாதிரி ஆயிடும்.

பொதுவா பாடிக்கு கிளாஸ், சேஸிஸ், ஜன்னல் ஓரத்து கருப்பு ரப்பர், பம்பர் இதுக்கெல்லாம் செமி கிளாஸ், டேஷ்போர்டு, டயருக்கு மேட். இது ஒரு ஆரம்பம்தான், போட்டோ வேற சொன்னா போட்டோ சொல்றதைக் கேளுங்க.

அடியில என்ன பெயின்ட் இருக்குன்னு பாருங்க

ஃபினிஷை விட இதுதான் முக்கியம். லாக்கர் கிளியர்ல இருக்கற சால்வென்ட் (பெயின்ட்டைக் கரைக்கற திரவம்) ரொம்ப ஸ்ட்ராங், எனாமல் (எண்ணெய் வகை) பெயின்ட் மேல அதை அடிச்சா பெயின்ட் சுருங்கி வெடிச்சுடும். அக்ரிலிக் மேலயும் கனமா அடிச்சா ரிஸ்க்தான். லாக்கர் மேல லாக்கர் பிரச்சனை இல்ல. நல்லா காஞ்ச எந்த பெயின்ட் மேலயும் அக்ரிலிக் கிளியர் பெரும்பாலும் ஒத்துப்போகும். எனாமல் கிளியரை நான் கார் பாடிக்கு சொல்லவே மாட்டேன், நாளாக நாளாக மஞ்சள் அடிக்கும், வெள்ளை கார்ல அது பளிச்னு தெரியும்.

டாமியா கம்பெனியோட டிஎஸ் ஸ்ப்ரே கேன்ல கலர் அடிச்சிருந்தா அதே வரிசையில டிஎஸ்-13 கிளாஸ், டிஎஸ்-79 செமி கிளாஸ், டிஎஸ்-80 மேட் இருக்கு. ஏர்பிரஷ் (காத்தழுத்தத்துல பெயின்ட் தூவற சின்ன கருவி) இருந்தா மிஸ்டர் கலர் ஜிஎக்ஸ்100 லாக்கர் கிளியர் அருமையா வரும், லாக்கர் வேணாம்னா டாமியா எக்ஸ்-22 அக்ரிலிக். 2கே கண்ணாடி மாதிரி வரும், உண்மைதான், ஆனா அதோட ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு, மூச்சுக்குழலை பாதிச்சு ஆஸ்துமாவே வரவைக்கும். சரியான மாஸ்க்கும் காத்தை வெளிய இழுக்கற பூத்தும் இல்லாம அதைத் தொடாதீங்க. சாதா லாக்கருக்கும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் (சால்வென்ட் ஆவியைத் தடுக்கற ஃபில்டர் வச்சது) வேணும், துணி மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும், பக்கத்துல அடுப்பு எரியக் கூடாது.

கலர்ல இன்னொரு விஷயம். மெட்டாலிக், பேர்ல் ரெண்டுக்கும் கிளியர் கண்டிப்பா வேணும், ஏன்னா அதை நேரா தேச்சா உள்ள இருக்கற துகள் கலைஞ்சு திட்டுத்திட்டா ஆயிடும். சாதா கலரா, டீகேலும் இல்லையா, கிளியரே இல்லாம கலரையே பாலிஷ் பண்ணிடலாம்.

ஸ்பூன் டெஸ்ட்

ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன் எடுத்து அதே பிரைமர் (கலருக்கு முன்னாடி அடிக்கற அடிக்கோட்), அதே கலர் அடிச்சு, கிட்ல மிச்சமான டீகேல் ஒண்ணை ஒட்டி, காஞ்சப்புறம் மேல கிளியர் அடிச்சுப் பாருங்க. ஸ்பூனோட வளைவு ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேல இருக்கற பாடி) வளைவு மாதிரியே இருக்கறதால எங்க வழியுதுன்னும் தெரிஞ்சிடும். டீகேல் ஓரம் சுருண்டாலோ நடுவுல விரிசல் விட்டாலோ ஸ்பூனோட போச்சு.

அடிக்கறது

டீகேல் ஒட்டி குறைஞ்சது ஒரு நாள் முழுசா காயட்டும், பசைக் கறையை ஈரத்துணியால துடைச்சு எடுங்க, விரல் ரேகை இருந்தா அந்த இடத்துல கிளியர் ஒட்டாம விலகிப் போகும். கேனை வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் வச்சு எடுத்தா பெயின்ட் நல்லா சின்னச் சின்னத் துளியா வரும், கொதிக்கற தண்ணி வேணவே வேணாம், கேன் வெடிச்சுடும்.

20, 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிச்சு முதல்ல மிஸ்ட் கோட், அதாவது லேசா தூவுற மாதிரி. அடிச்சதும் பார்த்தா சொரசொரன்னு இருக்கும், பயப்படாதீங்க, அப்படித்தான் இருக்கணும். பத்து நிமிஷம் விட்டு இன்னொண்ணு, அப்புறம் இன்னொண்ணு. இந்த காஞ்ச படலம்தான் டீகேலை சால்வென்ட்ல இருந்து காப்பாத்துது. அதுக்கு மேலதான் ஈரமா ரெண்டு கோட், விளிம்புக்கு வெளிய ஆரம்பிச்சு வெளியவே முடிங்க.

அதோட நிறுத்துங்க. நிஜ கார்ல கிளியர் சுமார் 50 மைக்ரான்னா 1/24ல அது ரெண்டு மைக்ரான்தான் வரணும், அவ்வளவு மெலிசா நம்மால அடிக்க முடியாது, அதனால நாம எப்பவுமே தேவைக்கு மேலதான் அடிக்கறோம். கதவு இடுக்கு கோடு நிரம்பிப்போய் தண்ணி தேங்கின மாதிரி தெரிஞ்சா அளவு தாண்டியாச்சுன்னு அர்த்தம்.

மழை நாள்ல லாக்கர் அடிக்காதீங்க, காத்துல இருக்கற ஈரம் படிஞ்சு வெள்ளையா மங்கிடும். சென்னை மாதிரி கடலோர ஊர்ல ஐப்பசி, கார்த்திகையில இது ரொம்பவே தொல்லை, வெயில் வர்ற நாளுக்கு காத்திருங்க. மேட் கிளியர் இன்னும் மோசம், கேனை நல்லா குலுக்கலைன்னாலோ கனமா அடிச்சாலோ கருப்பு மேல மாவு பூசின மாதிரி நிக்கும். பானெட் மட்டும் மேட்னா பாடி முழுக்க கிளாஸ் முடிச்சு, நல்லா காயவிட்டு, அப்புறம் மாஸ்கிங் டேப் ஒட்டி மேட் அடிங்க.

பாலிஷ்

ஒரு வாரம் தூசி படாம மூடி வைங்க. மூக்குக்கிட்ட வச்சு மோந்து பாருங்க, சால்வென்ட் வாசம் இன்னும் வந்தா காயலைன்னு அர்த்தம். ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடு பள்ளம் இருந்தா 2000 வாட்டர் பேப்பரை தண்ணியோட லேசா தேச்சு, அப்புறம் டாமியா காம்பவுண்ட் (பாலிஷ் பேஸ்ட்) கோர்ஸ், ஃபைன், ஃபினிஷ்னு வரிசையா போங்க. விளிம்புகள்ல கையே வைக்காதீங்க, அங்க கிளியர் மெலிசு, ரெண்டு இழுப்புல கலர் போய் பிரைமர் தெரிஞ்சிடும். மேட், செமி கிளாஸ் பகுதியில காம்பவுண்ட் பட்டா அது பளபளன்னு ஆயிடும், டேப் ஒட்டி மறைச்சுக்கோங்க.

ஜன்னல் ஓரத்துக்கு ஒட்டற குரோம் ஃபாயில், குரோம் பெயின்ட் எல்லாம் பாலிஷ் முடிஞ்சப்புறம்தான், குரோம் பெயின்ட் மேல கிளியர் பட்டா பளபளப்பு போய் மங்கின வெள்ளி கலர் ஆயிடும்.