உம்பளச்சேரிக் கன்றின் ரோமத்தை டிஜிட்டலில் வரைவது எப்படி?

திருவாரூர்ப் பக்கம் வந்தால் உம்பளச்சேரி என்ற நாட்டு மாட்டினத்தின் கன்று ஒன்றைக் கிட்டத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ரோமம் வரையப் பழக அதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது. பிறக்கும்போது செம்பழுப்பு, 6 மாத வாக்கில் சாம்பல் நிறமாக மாறும், நெற்றியில் வெள்ளைப் பொட்டு.

முதலில் ஒரு முடிகூட வரையாதீர்கள். கிரிட்டா என்கிற ஓவியம் வரையும் மென்பொருள் இலவசம்தான், அதில் பெரிய பிரஷ்ஷால் உடம்பின் நிழலையும் வெளிச்சத்தையும் மட்டும் போடுங்கள். இது சரியில்லை என்றால் மேலே ஆயிரம் முடி வரைந்தாலும் பொம்மை மாதிரிதான் இருக்கும். அப்புறம் தனி லேயரில் முடி போகும் திசையை அம்புக்குறிகளாகக் குறியுங்கள். மாடு வாங்குகிறவர்கள் சுழி பார்ப்பார்களே, அந்த நெற்றிச் சுழியிலிருந்துதான் முடி நாலா பக்கமும் பிரிகிறது, அதற்குக் கீழே மூக்கை நோக்கி இறங்கும், கழுத்தில் பின்னோக்கிப் படியும். என்னைக் கேட்டால் பாதி வேலை இந்தத் திசைதான்.

முடியைக் கொத்துக் கொத்தாக, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரையுங்கள். பேனாவை எடுக்கும்போது நுனி மெலிகிற பிரஷ் வேண்டும். தனித்தனி முடி எல்லாம் காதின் ஓரம், வால் குஞ்சம், நிழலும் வெளிச்சமும் சந்திக்கும் இடம், அவ்வளவுக்குத்தான். பொட்டுக்குச் சுத்த வெள்ளை வேண்டாம், சாயங்கால வெயிலில் அது லேசான மஞ்சளாகத்தான் தெரியும், நிழல் பக்கம் கொஞ்சம் நீலம் ஏற்றுங்கள்.