'தானே' புயலை மேடையேற்றுவது எப்படி?

ஆவண நாடகம், அதாவது நிஜமாக நடந்ததை அதை அனுபவித்தவர்களின் சொற்களிலேயே மேடையேற்றும் நாடகம், போட ஆசையா? முதலில் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்கப் போங்கள். 2011 டிசம்பர் 30 காலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அதை எடுத்துக்கொண்டால், தோப்புக்காரர், அங்கே கொட்டை பொறுக்கக் கூலிக்குப் போன அக்கா, மின்கம்பம் நட வந்த ஊழியர் என்று எல்லாப் பக்கமும் பேசுங்கள். ஒரே ஆளை நம்பினால் அது ஒருவரின் புலம்பலாகிவிடும்.

போனில் பதிவு செய்யலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். "புயல் எப்படி இருந்தது?" என்றால் செய்தித்தாள் பதில்தான் வரும், "அன்றைக்கு அடுப்பு எப்போது மூட்டினீங்க அக்கா?" என்று ஆரம்பித்துப் பாருங்கள். அப்புறம் பதிவை எழுத்தாக்கும்போது இழுவை, இருமல், "அது வந்து...", பாதியில் நிற்கிற வாக்கியம் எல்லாம் அப்படியே இருக்கட்டும், இலக்கணம் திருத்தினால் ஆளே காணாமல் போய்விடுவார். வெட்டலாம், வரிசை மாற்றலாம். சொல்லாததைச் சேர்க்கக்கூடாது.

நடுவே வானிலை அறிவிப்பு, நிவாரணப் பட்டியல் போன்ற தாள்களையும் வாசிக்க வையுங்கள், ஆள் சொன்னதும் தாளில் இருப்பதும் மோதும் இடம்தான் நல்ல காட்சி. சோக இசை? எனக்குப் பிடிக்காது. மேடையேறும் முன் பேசியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள், பெயரை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள்.