குளிரில் புல்லாங்குழல், கணினியில் தம்பூரா

கொடைக்கானலில் டிசம்பர் ராத்திரி புல்லாங்குழல் பதிவு செய்பவர்களுக்கு ஒரு விஷயம். கணினித் தம்பூராவுக்குக் குளிர் தெரியாது, குழலுக்குத் தெரியும். வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 0.6 மீட்டர் குறையும், குழலின் சுருதியும் இறங்கும். நானும் முதலில் வாசிப்பில்தான் கோளாறு என்று நினைத்து, ஒரே பல்லவியை ஏழெட்டு முறை ஊதித் தள்ளினேன்.

குழலைப் பத்து நிமிடம் ஊதிச் சூடாக்கிவிட்டு ஒரு நீண்ட ஸ்வரம் பதிவு செய்யுங்கள். ட்யூனர் பிளகினில் (பதிவு மென்பொருளில் சுருதியை அளந்து காட்டும் துணைநிரல்) அது எத்தனை சென்ட் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள் (அரைச்சுரத்துக்கு 100 சென்ட்). தம்பூரா, கீபோர்டு எல்லாவற்றின் ஃபைன் ட்யூனையும் (சுருதியை நுணுக்கமாக மாற்றும் அமைப்பு) அதே அளவு இறக்கிவிடுங்கள். மிடி என்பது ஒலி அல்ல, எந்த ஸ்வரத்தை எப்போது ஒலிக்க வேண்டும் என்று கணினிக் கருவிக்குச் சொல்லும் வெறும் குறிப்புதான், எப்போது மாற்றினாலும் ஒலி கெடாது. குழல் பதிவின் சுருதியை மென்பொருளில் இழுத்து ஏற்றினால் மூச்சுச் சத்தமே விகாரமாகிவிடும்.

வாசிக்கும்போது பஃபரை (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலியின் அளவு) 128 சாம்பிளில் வையுங்கள்; 48,000 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 சாம்பிள்) அது 2.7 மில்லிநொடி. 1024 வைத்தால் 21 மில்லிநொடி, ஹெட்ஃபோனில் குழல் பின்தங்கிக் கேட்கும். மிக்ஸிங்குக்கு 1024 சரி. பழைய லேப்டாப் திணறினால் மெய்நிகர் கருவிகளின் டிராக்குகளை ஃப்ரீஸ் செய்துவிடுங்கள், அதாவது தற்காலிகமாக ஒலிப்பதிவாக மாற்றிவையுங்கள்.

ரூம் ஹீட்டரை மட்டும் பதிவின்போது அணைத்துவிடுங்கள். விசிறி வைத்தது என்றால் அதன் இரைச்சலும் மைக்கில் ஏறிவிடும்.